இறகு நீண்ட கதை

1888-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்ற செல்வந்தர், தன் மாளிகையின் கொல்லைப்புறத்தில் ஒரு காற்றாலையை நிறுத்தினார். 17 மீட்டர் விட்டமுள்ள சக்கரம். அதில் செடார் மரத்தில் செய்த 144 இறகுகள். காற்று ஒரு துளிகூட சும்மா போய்விடக் கூடாது என்ற பிடிவாதம் அந்தச் சக்கரத்தைப் பார்த்தாலே தெரியும். நிலவறையில் வரிசையாக அடுக்கிய பாட்டரிகளில் மின்சாரம் சேர்ந்தது, மாளிகையில் விளக்கு எரிந்தது. சுமார் 20 ஆண்டுகள் ஓடிய அந்தக் காற்றாலையின் திறன் 12 கிலோவாட்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் விற்ற காற்றாலையின் விட்டம் 15 மீட்டர்தான். பிரஷ்ஷுடையதைவிடச் சின்னது. இறகுகள் மூன்றே மூன்று. திறன் 55 கிலோவாட். நடுவில் ஜெனரேட்டரும் கியரும் மேம்பட்டன என்பது உண்மைதான். ஆனால் 141 இறகைக் கழற்றிப் போட்ட பிறகு மின்சாரம் நாலு மடங்குக்கு மேல் கூடியதற்கு முதல் காரணம், மிஞ்சிய மூன்று இறகின் வடிவம்.

காற்று இறகைத் தள்ளுகிறது, அதனால் சக்கரம் சுற்றுகிறது என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும். பல நூற்றாண்டுகளாக ஆலை கட்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இருந்தும் அவர்கள் கை வேறொன்றைச் செய்தது. நெதர்லாந்தின் ஆலைத் தச்சர்கள் இறகை அச்சுக்கு அருகே அதிகமாகவும் நுனியில் குறைவாகவும் திருகி வைத்தார்கள். ஏன் என்று கேட்டால் அனுபவம் என்பார்கள்.

அந்த அனுபவத்தை அளந்து பார்த்தவர் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். காற்று வருமா என்று மலையுச்சியில் காத்திருக்க அவர் விரும்பவில்லை. செங்குத்தான ஒரு தண்டில் நீண்ட கையைப் பொருத்தி, கையின் முனையில் மாதிரிக் காற்றாலையை வைத்து, தண்டில் சுற்றிய கயிற்றைக் கையாலேயே இழுத்தார். கை சுழன்றது, நின்ற காற்றில் மாதிரி ஆலை ஓடியது. இழுக்கும் வேகம் மாறாமலிருக்க ஓர் ஊசல் தாளம் போட்டது. 1759-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் வாசித்த முடிவுகளில் தச்சர்களின் திருகல் எண்களாக வந்துவிட்டது: அச்சருகே ஏறக்குறைய 18 டிகிரி, நுனியில் 7 டிகிரி. காற்றின் வேகம் இரட்டித்தால் கிடைக்கும் சக்தி எட்டு மடங்காகும் என்பதையும் அவர் சொன்னார். காற்றாலைத் தொழில் இன்றும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் இடம் தேடுகிறது.

திருகலுக்கான காரணம் எளிது. ஒரே இறகில் நுனி வேகமாக ஓடுகிறது, அடி மெதுவாக நகர்கிறது. அதனால் இறகின் ஒவ்வொரு அங்குலமும் காற்றைச் சந்திக்கும் கோணம் வேறு. எல்லா இடத்திலும் சரியான கோணம் வேண்டுமென்றால் இறகு முறுகித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் இறைத்த பல்லிறகுச் சக்கரங்களுக்கும் ஒரு ஸ்மீட்டன் கிடைத்தார். தாமஸ் பெர்ரி 1882-83-ல் நீராவியால் சுழலும் கையொன்றில் 61 வகைச் சக்கரங்களை மாட்டி 5,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தினார். வளைந்த எஃகுத் தகட்டு இறகு, பழைய மரச் சக்கரத்தைவிட 87 சதவீதம் அதிகம் உழைக்கும் என்று கண்டார். அவர் வேலை பார்த்த நிறுவனம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் லாவெர்ன் நாய்ஸ் என்பவரோடு சேர்ந்து ஏர்மோட்டார் என்ற பெயரில் அவரே சந்தைக்கு வந்தார். போட்டியாளர்கள் அதைக் கணக்குப் போட்ட காற்றாலை என்று கேலி செய்தார்கள். கணக்குப் போட்டது சந்தையைப் பிடித்தது.

மின்சாரத்துக்கான இறகு உருவான இடம் டென்மார்க்கின் ஆஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடம். அங்கே ஆசிரியராக இருந்த பவுல் லா கூர் வானிலை ஆய்வாளராகப் பயிற்சி பெற்றவர். நகரத்துக்கு வந்த மின்விளக்கு கிராமத்துக்கும் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். 1891-ல் அரசு உதவியோடு ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். பாட்டரி விலை அதிகம் என்பதால், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்து அதில் விளக்கேற்றினார். ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்ட நாட்களில் பள்ளிக்கூட ஜன்னல்கள் சிதறின. மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அதே பத்தாண்டில் கோபன்ஹேகன் எரிவாயு ஆலையின் பொறியாளர் யோஹன் இர்மிங்கர், ஆலையின் உயர்ந்த புகைபோக்கி உறிஞ்சும் காற்றை ஒரு குழாய் வழியே இழுத்து, அதற்குள் தகடுகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். காற்று மோதும் முகத்தில் உள்ள அழுத்தத்தைவிட, மறைந்திருக்கும் பின்முகத்தில் உண்டாகும் உறிஞ்சல் பெரிது என்று அவருக்குத் தெரிந்தது. தள்ளல் சிறு பங்குதான், இறகை நகர்த்துவது பெரும்பாலும் பின்னாலிருந்து வரும் இழுப்பு. லா கூர் 1896-லிருந்து தானே கட்டிய காற்றுச் சுரங்கத்தில் இறகு மாதிரிகளை வைத்து அளந்தார். நிறைய இறகுகளை அடைத்து வைப்பதைவிட, திருகலும் வளைவும் உள்ள சில இறகுகள் வேகமாகச் சுற்றுவதே மேல் என்று அவர் முடிவுக்கு வந்தார். அப்போது கிளீவ்லாந்தில் 144 இறகுகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

காற்றிலிருந்து எவ்வளவுதான் எடுக்க முடியும்? இதற்கு விடை 1920-ல் ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரிலிருந்து ஆல்பர்ட் பெட்ஸ் வெளியிட்ட கணக்கில் பரவலாகத் தெரிய வந்தது. பிரிட்டனில் லான்செஸ்டர் 1915-லேயே அதே விடையைத் தொட்டிருந்தார். வரும் காற்றின் சக்தியில் அதிகபட்சம் 27-ல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று இறகுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். சன்னிதியில் கும்பிட்டவர் நகர்ந்தால்தானே வரிசையில் நிற்பவருக்கு இடம்? எவ்வளவு கெட்டிக்கார இறகானாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. இன்றைய நல்ல சுழலிகள் 45 முதல் 50 சதவீதம் வரை எட்டிவிட்டன.

இந்த எண்ணுக்குப் பிறகு இறகின் வரலாறு திசை மாறுகிறது. வடிவத்தைச் செதுக்கிக் கிடைக்கப்போவது இனி சில சதவீதங்கள்தான். பெரிய லாபம் நீளத்தில் இருக்கிறது. இறகை இரட்டிப்பாக நீட்டினால் அது வாரும் பரப்பு நான்கு மடங்கு. ஆனால் அதே வடிவில் அப்படியே பெரிதாக்கினால் எடை எட்டு மடங்கு. வரவு நான்கு, செலவு எட்டு என்ற இந்தக் கணக்கோடு போராடியதுதான் அடுத்த நூறாண்டு. மின்சாரத்தைக் கூட்டியவர்கள் காற்றை அதிகம் பிடித்தவர்கள் அல்ல, ஒடியாத இறகைச் செய்தவர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஒடிந்த இறகுகளில் பேர் பெற்றது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிராண்ட்பாஸ் நாப் என்ற குன்றில் இருந்தது. பால்மர் பட்னம் திட்டமிட்டு ஸ்மித் நிறுவனம் கட்டிய அந்த 1.25 மெகாவாட் காற்றாலை 1941-ல் ஓடத் தொடங்கியது. 53 மீட்டர் விட்டம், இரண்டே இறகு, எஃகு இறகு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 டன். 1943-ல் பேரிங் கெட்டது. போர்க்காலத்தில் மாற்றுப் பேரிங் வர இரண்டு ஆண்டு ஆயிற்று. இறகின் அடிப்பகுதி பலவீனமாக இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தும் 1945 மார்ச்சில் மறுபடி ஓட்டினார்கள். அந்த மாதம் 26-ம் தேதி ஓர் இறகு அடியில் ஒடிந்து இருநூறு மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. அவ்வளவு பெரிய காற்றாலை மறுபடி எழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

எட்டு டன் எஃகு எப்படி ஒடியும்? காற்றாலை இறகு ஒரு சுற்றில் ஒரு முறை மேலே போகிறது, ஒரு முறை கீழே வருகிறது. மேலே காற்று வேகம் அதிகம், கீழே குறைவு. தன் எடையே ஒரு பக்கம் போகும்போது ஒரு மாதிரியும் மறுபக்கம் வரும்போது எதிர்மாதிரியும் அதை வளைக்கிறது. இருபது ஆண்டில் பல கோடி முறை இப்படி வளைந்து நிமிர வேண்டும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கு இரண்டு விடைகள் ஒரே ஆண்டில், 1957-ல், ஐரோப்பாவில் ஓடத் தொடங்கின. ஒன்று ஜெர்மனியில் உல்ரிக் ஹூட்டர் செய்தது. 34 மீட்டர் விட்டம், 100 கிலோவாட், இரண்டு மெல்லிய இறகுகள். அவை கண்ணாடியிழையால் ஆனவை. இழைப் பொருளில் துளை போட்டு போல்ட் முடுக்கினால் இழை அறுபடும், அங்கேதான் கிழியும். ஹூட்டர் துளை போடவில்லை. போல்ட் நுழையும் எஃகு உருளைகளைச் சுற்றி இழைக் கற்றைகளை வளைத்து, வந்த வழியே இறகுக்குள் திருப்பி அனுப்பினார். இழை எங்கும் அறுபடவில்லை. ஒடியும் இடமான அடிப்பகுதிக்குக் கிடைத்த முதல் நம்பகமான மருந்து அது.

மற்றொன்று டென்மார்க்கின் தெற்கு முனையான கெட்ஸரில் யோஹன்னஸ் யூல் கட்டியது. 1904-ல் ஆஸ்கோவில் லா கூரிடம் காற்றுமின் வகுப்பில் படித்த மாணவர் அவர். பணி ஓய்வை நெருங்கும் வயதில், தான் வேலை பார்த்த மின்நிறுவனத்தை ஒப்புக்கொள்ள வைத்து 24 மீட்டர் விட்டத்தில் 200 கிலோவாட் காற்றாலை அமைத்தார். எஃகுத் தண்டு, மர விலா, மேலே அலுமினியத் தகடு. மூன்று இறகுகளையும் ஒன்றோடொன்று கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். பார்க்க அழகில்லை. ஹூட்டரின் ஒல்லியான இறகுக்குப் பக்கத்தில் கிராமத்துக் கொல்லன் வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் பத்தாண்டு ஓடி சுமார் 22 லட்சம் யூனிட் தந்தது.

யூலின் சாமர்த்தியம் புயல் நாளில் தெரிந்தது. அவருடைய இறகு அச்சில் அசையாமல் பொருத்தப்பட்டது, திருப்ப வழியில்லை. காற்று அதிகமானால் இறகைச் சந்திக்கும் கோணமும் அதிகமாகும், ஒரு கட்டத்தில் காற்றோட்டம் பின்முகத்தை விட்டுப் பிரிந்துவிடும், இழுப்பு தானே குறையும். விமானிகள் ஸ்டால் என்று சொல்லிப் பயப்படுவது இதற்குத்தான். விமானத்தை விழவைக்கும் அதையே யூல் காற்றாலைக்குக் காவலாக்கினார். மின்இணைப்பு அறுந்து சக்கரம் தறிகெட்டு ஓடினால் மட்டும் இறகின் நுனித்துண்டு குறுக்கே திரும்பி வேகத்தை அடக்கும்.

எண்ணெய் மலிவான காலம். 1967-ல் கெட்ஸரை நிறுத்திவிட்டார்கள்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் பணக்கார நாடுகளின் அரசுகள் விமான நிறுவனங்களிடம் போயின. இறகு என்றால் விமானக்காரர்களுக்குத் தெரியாததா என்ற எண்ணம் இயல்பானதுதான். அமெரிக்காவில் நாசா மேற்பார்வையில் வரிசையாகப் பெரிய இரட்டை இறகுக் காற்றாலைகள் எழுந்தன. வட கரோலினாவின் பூன் ஊரில் 1979-ல் நின்ற 2 மெகாவாட் காற்றாலையில், கோபுரத்துக்குப் பின்புறம் சுற்றிய இறகு ஒவ்வொரு முறை கோபுர நிழலைக் கடக்கும்போதும் எழுந்த அடி போன்ற ஓசை சுற்றுவட்டார வீடுகளைத் தூங்கவிடவில்லை. ஜெர்மனி 1983-ல் 100 மீட்டர் விட்டத்தில் க்ரோவியான் என்ற 3 மெகாவாட் பூதத்தை நிறுத்தியது. நான்கு ஆண்டில் அது ஓடிய மொத்த நேரம் சுமார் 420 மணி.

அதே ஆண்டுகளில் டென்மார்க்கின் மேற்குப் பகுதியில் வேறு மாதிரி ஆட்கள் வேலையில் இறங்கியிருந்தார்கள். கிறிஸ்டியன் ரீசேகர் தச்சர். யூலின் வடிவத்தைச் சுருக்கி, மர இறகு வைத்து, 22 கிலோவாட் காற்றாலை செய்து மின்கம்பியில் இணைத்தார், பிறகு பலருக்கு விற்றார். கார்ல் எரிக் யோர்கன்சன் கொல்லர். அவரோடு சேர்ந்த ஹென்ரிக் ஸ்டீஸ்டால் இருபது வயதைத் தாண்டியிருந்த இளைஞர். அவர்கள் இருவரின் வடிவத்துக்கு 1979-ல் உரிமம் வாங்கிய வெஸ்டாஸ், அதுவரை பால் குளிர்விப்பானும் பாரந்தூக்கியும் செய்த கம்பெனி. இறகு செய்ய வந்த எல்.எம். நிறுவனம் லுண்டர்ஸ்கோவ் என்ற ஊரில் 1940-ல் மரச்சாமான் பட்டறையாகத் தொடங்கியது. பிறகு கண்ணாடியிழையில் படகும் கேரவனும் செய்தது, 1978-ல் முதல் காற்றாலை இறகைச் செய்தது. உல்ஃப்போர்க் அருகே ட்விண்ட் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் தங்கள் சம்பளப் பணத்தில் 54 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையைக் கட்டி அதே ஆண்டு மார்ச்சில் திறந்தார்கள். இறகின் அடிக்கு ஹூட்டரின் முறையைத்தான் கையாண்டார்கள். இறகுகளை மாற்றிக்கொண்டு அது இன்னும் சுற்றுகிறது.

ட்விண்டில் சிறிய காற்றாலைக்காகச் செய்த இறகு வார்ப்பச்சு எரிக் க்ரோவ்-நீல்சன் என்பவர் கைக்கு வந்தது. ஒக்கேர் என்ற பெயரில் அவர் நடத்திய சிறு பட்டறைதான் அந்நாளில் டேனிஷ் காற்றாலைக்காரர்கள் பலருக்கு இறகு தந்தது. வேலை இப்படி நடக்கும்: நீளவாக்கில் பிளந்த இரண்டு பாதி அச்சுகள். ஒவ்வொன்றிலும் முதலில் வழவழப்பான மேற்பூச்சு, அதன் மேல் கண்ணாடியிழைத் துணி, துணியின் மேல் ரெசின். உருளையை அழுத்தி ஓட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் பிற்பாடு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பட்டறை முழுக்க மூக்கைத் துளைக்கும் ஸ்டைரீன் நெடி. இறுகியதும் இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு பசை போட்டு ஒட்டுவார்கள். உள்ளே தண்டு, அடியில் வளைத்து விட்ட இழைக் கற்றை. விமானக் கம்பெனியின் துல்லியம் இதில் இல்லை. ஆனால் ஒடிந்தால் ஏன் ஒடிந்தது என்று அடுத்த வாரமே தெரிந்தது, அடுத்த இறகில் அங்கே இரண்டு அடுக்கு துணி கூடியது.

தொடக்கத்தில் சில காற்றாலைகள் சுமை இழந்து வெறிபிடித்துச் சுற்றி இறகை வீசியெறிந்தன. அதன் பிறகு நுனி பிரேக் திரும்பி வந்தது. 1978-ல் அமைந்த ரீசோ சோதனை நிலையம், தனித்தனியே இயங்கும் இரண்டு பிரேக் இல்லாத காற்றாலைக்கு ஒப்புதல் தரவில்லை. ஒப்புதல் பெற்றவற்றுக்கு மட்டும் அரசு 30 சதவீத மானியம் கொடுத்தது. யூலின் பழைய பாடத்தை நாடு முழுவதும் சட்டமாக்கியது மாதிரி.

க்ரோவ்-நீல்சன் பட்டறையிலிருந்து இன்னொன்றும் உலகம் முழுக்கப் போனது. பழைய டேனிஷ் ஆலைகளும் ட்விண்ட் காற்றாலையும் முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். தன் ஐந்து மீட்டர் இறகு ட்விண்டின் நகல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவர் அதை வலஞ்சுழியாகச் செய்தார். மற்றவர்கள் அவருடைய இறகை வாங்கினார்கள், பிறகு அதற்கேற்ப கியரும் அச்சும் செய்தார்கள். இன்று உலகின் பெரிய காற்றாலைகள் ஏறக்குறைய எல்லாமே வலஞ்சுழி. 2020-ல் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், வட அரைக்கோளத்தில் இரவு நேரத்தில் உயரம் கூடக் கூடக் காற்றின் திசை திரும்பும் விதத்தைக் கணக்கிட்டு, பின்வரிசைக் காற்றாலைக்கு இடஞ்சுழிதான் நல்லது என்று காட்டியிருக்கிறார்கள். காலம் கடந்த தகவல்.

1980-களின் முதல் பாதியில் கலிபோர்னியா வரிச்சலுகை அறிவித்ததும் இந்தப் பட்டறை இறகுகள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தன. அமெரிக்காவின் இலகுவான புதுமைகள் பல அந்த மலைக்கணவாய்களில் ஒடிந்து விழ, கனமான டேனிஷ் காற்றாலைகள் நின்றன. அங்கேதான் யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. ஒரே காற்றாலை, ஒரே காற்று வேகம், ஆனால் சில நாட்களில் மின்சாரம் பாதியாகக் குறைந்தது. பிறகு ஒருநாள் தானே சரியானது. ஸ்டால் இறகுகளின் உள்மர்மம் என்று கட்டுரைகள் எழுதப்பட்டன.

விடை பூச்சி. நெதர்லாந்தைச் சேர்ந்த குஸ்டாவ் கார்டன், ஹெர்மன் வெல்ட்காம்ப் இருவரும் 2001-ல் நேச்சர் இதழில் இதை அவிழ்த்தார்கள். பூச்சிகள் காற்று குறைந்த நேரத்தில்தான் பறக்கும். அப்போது அவை இறகின் முன்விளிம்பில் மோதி ஒட்டிக்கொள்ளும். மென்காற்றில் அந்தச் சொரசொரப்பால் பாதிப்பில்லை. பலத்த காற்று வரும்போது உறிஞ்சல் உச்சம் முன்விளிம்புக்கு நகர்கிறது. அங்கே காய்ந்து கிடக்கும் பூச்சியில் காற்றோட்டம் இடறி, வேண்டிய நேரத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. மழை பெய்தால் கழுவிவிடும், மின்சாரம் பழையபடி வரும். மில்லிமீட்டர்கூட இல்லாத அழுக்கு பாதி வருமானத்தைத் தின்றிருக்கிறது.

இந்த இறகுகளின் குறுக்குவெட்டு விமானத்திலிருந்து கடன் வாங்கியது என்பதும் ஒரு காரணம். விமானச் சிறகுக்கு அழுக்கு அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, அதை யாராவது கழுவுவார்கள். கொலராடோவின் சூரியசக்தி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜிம் டாங்லரும் அவரோடு சேர்ந்த டான் சோமர்ஸும் 1984-லிருந்து காற்றாலைக்கென்றே குறுக்குவெட்டுகளை வரையத் தொடங்கினார்கள். அழுக்குப் பட்டாலும் குணம் மாறாத வளைவு, நுனியில் வேண்டுமென்றே மட்டுப்படுத்திய தூக்குவிசை. நுனியில் இழுப்பைக் குறைத்தால், அதே ஜெனரேட்டரில் இன்னும் நீளமான இறகை மாட்டலாம். ஸ்டால் காற்றாலைகளில் ஆண்டு உற்பத்தி 23 முதல் 35 சதவீதம் கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் இறகின் அடிப்பகுதிக்கென்று தடித்த வளைவுகளை உருவாக்கியது. அடி தடித்தால் வலிமை கூடும், அந்த வலிமையை வைத்து இன்னும் நீட்டலாம்.

1990-களில் ஸ்டால் மெல்ல விடைபெற்றது. முழு இறகும் தன் அடியில் திரும்பிக் காற்றை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு வந்தது. உள்ளே பால்சா மரமும் நுரைப் பலகையும் வைத்து எடையைக் குறைத்தார்கள். பிறகு தண்டில் கார்பன் இழை சேர்ந்தது. உலகின் பால்சாவில் பெரும்பங்கு ஈக்வடாரிலிருந்து வருகிறது. 2020-ல் காற்றாலை கட்டுவதில் சீனா காட்டிய அவசரத்தால் அமேசான் காட்டில் திருட்டுவெட்டு நடக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்து, தொழில் பிளாஸ்டிக் நுரைக்கு மாறத் தொடங்கியது. கலிபோர்னியாவில் 2008-ல் நுனியைப் பின்னோக்கி வளைத்த ஓர் இறகைச் சோதித்தார்கள். பலத்த காற்று அடித்தால் அது தானே முறுகிக் கோணத்தைக் குறைத்துக்கொள்ளும். வளைவதை எதிர்த்துச் சண்டை போட்டு வந்தவர்கள் அதையே வேலை வாங்கக் கற்றுக்கொண்டார்கள்.

பசை மட்டும் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. ஸ்டீஸ்டால் அதற்குள் போனஸ் என்ற டேனிஷ் நிறுவனத்துக்குப் போயிருந்தார், பிறகு அதை சீமென்ஸ் வாங்கியது. ஒட்டே இல்லாமல் முழு இறகையும் ஒரே வார்ப்பாக எடுக்கும் முறை அங்கே தேறியது. 2012-ல் அப்படி 75 மீட்டர் இறகு வந்தது. எல்.எம். நிறுவனம் 2019-ல் பிரான்சின் ஷெர்பூர்க்கில் 107 மீட்டர் இறகைச் செய்தது. அதை மாட்டிய சுழலியின் விட்டம் 220 மீட்டர். 2024 ஜூலையில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் கடலில் அதே வகை இறகு ஒன்று ஒடிந்து, நுரைத் துண்டுகளும் கண்ணாடியிழைச் சில்லுகளும் கரையெங்கும் ஒதுங்கின. இறகை ஒட்டிய பசை போதவில்லை என்று தயாரித்த தரப்பே சொன்னது.

இந்த வரலாறு தமிழ்நாட்டுக்கு வந்தது கலிபோர்னியா கைவிட்ட நேரத்தில். 1985 முடிவில் அங்கே வரிச்சலுகை நின்றது, அடுத்த ஆண்டே வெஸ்டாஸ் திவாலாகி மறுசீரமைப்புக்குப் போனது. அதே 1986-ல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடியில் 55 கிலோவாட் டேனிஷ் காற்றாலைகளோடு தொடங்கியது. பின்னர் டேனிஷ் அரசு உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் பெரியவை வந்தன. 1990-களில் முதலாண்டிலேயே முழுத் தேய்மானம் காட்டலாம் என்ற வரிச்சலுகை வந்ததும், கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காத்தாடி நட்டார்கள். சாரல் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளியில் புகுந்து வரும் காற்று இந்தியாவின் மிக நல்ல காற்றுகளில் ஒன்று. அந்த இடம் இறகின் இளமைப் பருவத்தில் வந்த காற்றாலைகளுக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். பல ஆண்டு முதலிடத்தில் இருந்த மாநிலத்தை 2023-ல் குஜராத் முந்தியது. நடுவில் இறகு எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இந்தியாவிலேயே தயாராகும் சுஸ்லானின் புதிய வகை ஒன்று போதும்: 144 மீட்டர் விட்டம், 3 மெகாவாட் வகுப்பு. பழைய 55 கிலோவாட் காற்றாலை, வாரும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 300 வாட்டுக்கு மேல் ஜெனரேட்டர் வைத்திருந்தது. புதியதில் அது 200 வாட்டைத் தொடவில்லை. குறைவுபோலத் தோன்றும், உண்மையில் தந்திரம் அதுதான். ஜெனரேட்டருக்குத் தேவையானதைவிட மிகப் பெரிய இறகை மாட்டினால், புரட்டாசி ஐப்பசியின் சோம்பல் காற்றிலும் அது சுற்றும். ஆடிக் காற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

பழையதைக் கழற்றிப் புதியதை நட மாநில அரசு 2024-ல் ஒரு கொள்கை அறிவித்தது. இறகின் நீளமே அதில் சிக்கல். காற்றாலைகளுக்கு நடுவே ஒரு திசையில் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கும் மறுதிசையில் ஏழு மடங்கும் இடம் விட வேண்டும் என்பது நீண்டகாலம் பின்பற்றிய வழிகாட்டி. 30 மீட்டர் விட்டமுள்ள பழைய காத்தாடிக்கு 150-க்கு 210 மீட்டர் போதும். 144 மீட்டருக்கு 720-க்கு 1,008 மீட்டர் வேண்டும். ஒரு புதிய காற்றாலை நிற்க இருபதுக்கும் மேற்பட்ட பழையவை இறங்க வேண்டும். அவை இருபதும் பெரும்பாலும் ஒரே ஆளுடையவை அல்ல. ஒன்று நூல் மில்லுக்கு, ஒன்று சிமென்ட் ஆலைக்கு, ஒன்று காலமான தகப்பனார் பெயரிலிருந்து மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தது. எல்லோரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பங்கு பேசி முடித்த பிறகும், எழுபது மீட்டர் இறகை ஏற்றிய டிரெய்லர் திரும்பக்கூடிய முக்குகளாகப் பார்த்து வழி குறிக்க வேண்டும், குறுக்கே வரும் மின்கம்பிகளைக் கழற்ற வேண்டும், சில இடங்களில் திருப்பத்தை அகலப்படுத்தப் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேச வேண்டும்.